பெட்ரோல் மீட்டர் பொய் சொல்லுதா?

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து மீஞ்சூருக்கு வர்றீங்க. மீட்டரில் இன்னும் ரெண்டு கட்டை பெட்ரோல் இருக்கு. ஆனா, வண்டி நடுரோட்டில் நின்னுடுச்சு. பின்னாடி கன்டெய்னர் லாரி. ஓரமா தள்ளிட்டுப் போறதுக்குள்ள உயிரே போயிடும்!

தப்பு எங்கே? டேங்குக்குள் ஒரு மிதவை பெட்ரோலோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதோட கை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டை மேல் நகரும். அதை வெச்சுத்தான் மீட்டர் அளவு காட்டுது. மிதவை மேலேயே சிக்கிக்கிட்டா, காலி டேங்க்கும் 'ஃபுல்'தான். ஓட்டையாகி மூழ்கிட்டா, எவ்வளவு நிரப்பினாலும் 'காலி'தான். முதல் வகைதான் உங்களை ரோட்டில் நிறுத்தும்.

சைடு ஸ்டாண்டில் வெச்சு மீட்டரைப் பார்க்காதீங்க. டேங்க் சாய்ஞ்சா அளவும் மாறும். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியைத் திருப்பி, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அளவு துள்ளுதா? சாவியை ஆஃப் பண்ணிட்டு, டேங்குக்கு அடியில் போற ஒயரின் கப்ளர் லூஸா இருக்கா, பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. மழைத்தண்ணி செய்யுற வேலை அது. மீட்டரே மொத்தமா செத்துட்டா, முதல் சந்தேகம் ஃபியூஸ் மேல. இதெல்லாம் சரியா இருந்தா, சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்கணும். அதை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

அதுவரைக்கும் ட்ரிப் மீட்டர்தான் துணை. ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப்பை ஜீரோ ஆக்குங்க. 10 லிட்டர் டேங்க், 45 கி.மீ. மைலேஜ்னா, 350 கி.மீ. தொட்டதும் நேரா பங்க்குக்கு விடுங்க வண்டியை.