சாதுவான முயல் ஏன் கடிக்கிறது?

போளூரில் ஒரு மாணவன் வெள்ளை முயல்குட்டி ஒன்றை வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் வரை அது அவன் மடியில் உட்கார்ந்து அறுகம்புல் தின்றது. ஐந்தாவது மாதத்தில் அதன் போக்கே மாறிவிட்டது. கூண்டுக்குள் கையை விட்டால் உறுமிக்கொண்டு பாய்கிறது. வெளியே விட்டால் அவன் காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சுவரெல்லாம் சிறுநீரைப் பீய்ச்சுகிறது. "இதற்குக் கொழுப்பு ஏறிவிட்டது. கறிக்குக் கொடுத்துவிடு. மனம் வரவில்லையென்றால் ஜவ்வாது மலைக் காட்டில் விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

மாணவர்களே, முடிவு செய்யுமுன் அந்த முயலின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போமா?

காட்டில் விடலாமா?

மலையடிவாரத்து மல்லாட்டைக் கொல்லைகளில் இரவில் மேய வரும் முயலும், கூண்டில் வளரும் முயலும் ஒன்றல்ல. முன்னது இந்தியக் காட்டு முயல். அது வளை தோண்டுவதில்லை. புதரடியில் சிறு பள்ளம் செய்து படுக்கும். பெரும்பாலும் தனித்தே வாழும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன.

வளர்ப்பு முயலின் மூதாதை ஐரோப்பிய முயல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் தாயகம். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, அங்கோரா எல்லாம் இந்த ஒரே இனத்தின் வகைகள்தாம். இவை மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. குட்டிகள் உரோமமின்றி, கண் மூடிப் பிறக்கும். காட்டு முயலின் உயிரணுவில் 48 குரோமோசோம்கள்; வளர்ப்பு முயலில் 44. இரண்டும் சேர்ந்து குட்டி போட முடியாது.

ஆகவே மலையில் விடப்படும் வெள்ளை முயலுக்கு அங்கே வளையும் இல்லை, கூட்டமும் இல்லை. நாய்க்கோ நரிக்கோ பருந்துக்கோ அது விரைவில் இரையாகிவிடும். காட்டு முயலைப் பிடித்து வந்து அதற்குத் துணையாக விடலாம் என்பதும் தவறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இரத்தத்தில் வரும் செய்தி

சரி, முயலின் குணம் ஏன் மாறியது? விடை நாளமில்லாச் சுரப்பிகளில் இருக்கிறது. 1849-இல் ஜெர்மனியில் பெர்த்தோல்டு என்பவர் சேவற்குஞ்சுகளின் விந்தகங்களை அகற்றினார். அவை வளர்ந்தபின் கூவவில்லை, சண்டையிடவில்லை, கொண்டையும் சிறுத்திருந்தது. வேறு சிலவற்றுக்கு அகற்றிய விந்தகத்தை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். அவை வழக்கம்போல் கூவின, சண்டையிட்டன. அங்கே பழைய நரம்புத் தொடர்பு இல்லை. ஆகவே விந்தகத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே செல்கிறது என்பது விளங்கிற்று. அத்தகைய பொருள்களையே இன்று ஹார்மோன்கள் என்கிறோம். விந்தகத்தின் முக்கிய ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன்.

முயல் நான்கு முதல் ஆறு மாதத்தில் பருவமடைகிறது. அப்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விந்தகத்தையோ அண்டகத்தையோ தூண்டிவிடுகிறது. நம் ஆண் முயல் செய்வதையெல்லாம் இனி வளை வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். சிறுநீரைப் பீய்ச்சுவது, "இது என் இடம்" என்னும் அறிவிப்பு. காலைச் சுற்றி ஓடுவது பெண் முயலை நாடும் செயல். பெண் முயல் இல்லாததால் உங்கள் கால் அகப்பட்டுக்கொண்டது! கூண்டில் நுழையும் கையைக் கடிப்பது எல்லையைக் காக்கும் முயற்சி.

முயல் தன் மோவாயைக் கதவிலும் கிண்ணத்திலும் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோவாய்க்கு அடியில் மணச் சுரப்பி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மிக்கிட்டோவிச் என்ற விஞ்ஞானி 1960-களில் இதை ஆராய்ந்தார். கூட்டத்தில் தலைமை ஏற்கும் ஆண் முயலுக்கு இச்சுரப்பி பெரியதாக இருப்பதையும், அதுவே அதிகமாகத் தேய்ப்பதையும் கண்டார்.

குட்டியில்லாத கூடு

பெண் முயலின் கதை இன்னும் வியப்பானது. பல விலங்குகளில் அண்டகம் குறிப்பிட்ட கால இடைவெளியில் முட்டையை விடுவிக்கும். முயலில் அப்படியில்லை. ஆணோடு சேர்ந்த பிறகே, சுமார் பத்து மணி நேரம் கழித்து, முட்டைகள் வெளிப்படுகின்றன. 1905-இல் ஹீப் என்ற ஆங்கிலேயர் இதை விளக்கினார். தனியே இருக்கும் பெண் முயலின் அண்டகம் தூண்டுதலுக்காகக் காத்திருக்கும் என்பதைப் பயன்படுத்தி, 1931-இல் அமெரிக்காவில் ஃபிரீட்மன் ஒரு சோதனை வகுத்தார். பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசிமூலம் செலுத்தி, பிறகு முயலின் அண்டகத்தைப் பார்ப்பார்கள். அது மாறியிருந்தால் அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். எத்தனையோ தாய்மார்களுக்கு நற்செய்தி சொல்ல முயல்கள் உயிர் கொடுத்திருக்கின்றன.

சில வேளைகளில் இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் அந்தத் தூண்டுதல் கிடைத்துவிடும். முட்டை வெளிப்படும், கரு உண்டாகாது. ஆனால் முட்டை வெளிவந்த இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் திரள் உருவாகி, புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனைச் சுரக்கும். உடல் தன்னைச் சினையென்றே எண்ணிக்கொள்ளும். இது பொய்ச்சினை. சுமார் 16 முதல் 18 நாளில் புரோஜெஸ்ட்ரான் குறைய, புரோலாக்டின் ஓங்கும். உடனே முயல் தன் மார்பு உரோமத்தைப் பிடுங்கி, வாயில் வைக்கோலைக் கவ்விக் கூடு கட்டும். அருகே வருவோரைச் சீறும். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று அஞ்ச வேண்டாம். இரண்டொரு நாள் தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே அடங்கும்.

தனிமையும் ஒரு நோய்தான்

அப்படியானால் முயலைத் தனியே அடைத்து வைப்பதே நல்லதா? இல்லை. கூட்டத்தில் வாழப் பிறந்த விலங்கு அது. இங்கிலாந்தில் காப்பகம் ஒன்றின் முயல்களை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தனியே இருந்த முயல்களில் சில கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஜோடியாக இருந்தவற்றில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. குளிர்காலத்தில் தனி முயல்களின் உடல் வெப்பமும் குறைந்திருந்தது. துணையை நக்கிவிடுவதும், ஒட்டிப் படுப்பதும், ஒன்று மேயும்போது மற்றது காவல் காப்பதும் முயலின் அன்றாடத் தேவைகள்.

இங்கேதான் சிக்கல். இரண்டு ஆண்களைச் சேர்த்தால் பருவம் வந்ததும் இரத்தம் வரச் சண்டையிடும். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் ஏறத்தாழ 31 நாளில் குட்டிகள். குட்டி போட்ட அன்றே தாய் மீண்டும் சினையாகலாம். துணை வேண்டும், சண்டையும் கூடாது, குட்டிகளும் பெருகக் கூடாது. இதற்கு வழி, ஹார்மோனின் ஊற்றையே நிறுத்தும் அறுவை. முயல்களைக் கையாண்டு பழகிய கால்நடை மருத்துவர் இதைச் செய்வார். அறுவைக்குப்பின் சில வாரங்களில் ஆணின் மூர்க்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் முன்பே உருவான விந்தணுக்கள் உடலில் இருக்குமாதலால், ஆறு வாரம் பெண்ணிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருவதால், பெண்ணுக்கும் இந்த அறுவை நன்மையே.

எப்படிச் சேர்ப்பது?

அறுவை செய்த ஆணும் ஒரு பெண்ணுமே எளிதில் ஒத்துப்போகும் ஜோடி. முதலில் இரு கூண்டுகளையும் அருகருகே, கம்பிக்குள் மூக்கு நுழையாத அளவு இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றின் வைக்கோலை மற்றதில் போட்டு மணத்தைப் பழக்குங்கள். பின்பு இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், நாள்தோறும் சில நிமிடம் உங்கள் பார்வையில் விடுங்கள். ஒன்றையொன்று நக்கத் தொடங்கினால் வெற்றி. உரோமம் பறந்தால் உடனே பிரியுங்கள். அறுவைக்கு வழியில்லாதவர்கள் கூண்டுகளை இப்படி அருகருகே வைத்து, பார்வையும் மணமும் கிடைக்கும்படி செய்வதே ஓரளவு ஆறுதல்.

கூண்டு நிழலில் இருக்கட்டும். நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி நடக்கும் மன்னவனூரும் சாண்டிநல்லாவும் குளிர்ந்த மலைப்பகுதிகள். போளூரின் சித்திரை வெயில் முயலுக்குத் தாங்காது.

நீங்களும் ஆராயலாம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முயல் இருந்தால் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: மோவாய் தேய்த்தல், சிறுநீர் பீய்ச்சுதல், கடிக்கப் பாய்தல், உரோமம் பிடுங்குதல். தினமும் மாலையில் அரை மணி நேரம் பார்த்து, எத்தனை முறை என்று குறியுங்கள். முயலின் வயதையும் எழுதுங்கள். பதினைந்து நாள் கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினால், "கெட்ட முயல்" என்று சொல்வதைவிட அது அவருக்கு மிகவும் பயன்படும்.