ஆறுகள் வகுத்த வழி

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது பெரும்பாலும் தொடர்வண்டியையே நாடுகின்றன. ஹவுராவிலோ ஷாலிமாரிலோ ஏறினால், ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் சென்னையில் இறங்கலாம். வானூர்தியில் சென்றால் சில மணி நேரமே ஆகும். இவ்வாறு சென்று வரும் மாணவர்களுக்குக் கொல்கத்தாவும் சென்னையும் நிலப்படத்தில் உள்ள இரண்டு புள்ளிகளாகவே தோன்றும். இடையிலுள்ள நிலமும் மக்களும் அவர்கள் உறங்கும் நேரத்தில் கடந்து போய்விடுகின்றனர்.

இரண்டு மூன்று நட்புக் குடும்பங்கள் சேர்ந்து மகிழுந்துகளில் சாலைவழியே சென்றால் அந்த இடைவெளி நிரம்பும். அப்பயணத்தில் நாம் கடக்கும் ஆறுகள், நகரங்கள், எழுத்துகள் ஆகியவற்றை இப்பாடத்தில் காண்போம்.

சாலையின் அமைப்பு

கொல்கத்தாவையும் சென்னையையும் இணைப்பது தேசிய நெடுஞ்சாலை 16 ஆகும். இதன் நீளம் சுமார் 1700 கிலோமீட்டர். மேற்கு வங்காளம், ஒடிசா, ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்கள் வழியாக இது செல்கிறது. இவற்றுள் ஆந்திரத்தில் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அமைந்துள்ளது. தமிழ்நாட்டிலோ ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் ஒரு பக்கமாகவும் இது விளங்குகிறது.

தெற்கு நோக்கிச் செல்லும்போது வங்காள விரிகுடா நமக்கு இடப்பக்கமும், கிழக்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கமும் இருக்கும். மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சமவெளியே நம் வழி. மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும் ஒவ்வோர் ஆற்றையும் இச்சாலை கடந்தே தீர வேண்டும்.

கடல் ஏன் தெரிவதில்லை?

கடற்கரைச் சாலை என்றதும் அலைகளைப் பார்த்துக்கொண்டே செல்லலாம் என்று எண்ணுவோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அத்தகைய சாலை ஒன்று உண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை அதனை அமைத்தனர். சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பெருங்கடல் சாலை, பல இடங்களில் பாறைச் சரிவுகளைக் குடைந்து, கடலை ஒட்டியே செல்கிறது. அங்கே கரை உறுதியான பாறையாக உள்ளது.

நம் கிழக்குக் கரையின் இயல்பு வேறு. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா போன்ற பேராறுகள் கடலை அடையுமுன் பல கிளைகளாகப் பிரிந்து, வண்டலைக் கொட்டிக் கழிமுகங்களை உருவாக்கியுள்ளன. அந்நிலம் தாழ்வானது, மென்மையானது. கடலோரமாகச் சாலை அமைத்தால் எண்ணற்ற கிளையாறுகளுக்குப் பாலம் கட்ட வேண்டும். வெள்ளமும் புயலும் அடிக்கடி தாக்கும். எனவே நம் சாலை கடலிலிருந்து விலகி, ஆறுகள் விரியத் தொடங்கும் இடங்களை ஒட்டிச் செல்கிறது. கட்டாக், இராஜமகேந்திரவரம், விஜயவாடா ஆகிய மூன்று பெருநகரங்களும் கழிமுகங்களின் தலைப்பகுதியில் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆற்றைக் கடக்க ஏற்ற இடத்தில் வழி உண்டாயிற்று. வழி உண்டான இடத்தில் ஊர் வளர்ந்தது.

முதல் நாள்: புவனேசுவரம் வரை

நாள்தோறும் 350 முதல் 450 கிலோமீட்டர் என வகுத்துக்கொண்டால், புவனேசுவரம், விசாகப்பட்டினம், விஜயவாடா ஆகிய ஊர்களில் இரவு தங்கி, நான்காம் நாள் சென்னையை அடையலாம்.

1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தில் ஹூக்ளி ஆற்றைக் கடந்ததும் பயணம் தொடங்குகிறது. கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆறு எதிர்ப்படும். அடுத்து வரும் கரக்பூரில்தான் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1951இல் தொடங்கப்பட்டது. சுவர்ணரேகா ஆற்றைக் கடக்கும் இடத்தில் நாம் ஒடிசாவுக்குள் இருப்போம். இப்போது பெயர்ப்பலகைகளை உற்று நோக்குங்கள். வங்க எழுத்துகளின் தலைமேல் ஒரு நேர்க்கோடு இருக்கும். ஒடியா எழுத்துகளில் அக்கோடு வளைந்து குடைபோல் கவிந்திருக்கும். ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும். அதனால் எழுத்து வட்ட வடிவம் பெற்றது என்பர்.

வைதரணி, பிராமணி ஆகிய ஆறுகளைத் தாண்டினால் கட்டாக் நகரம். மகாநதிக்கும் அதன் கிளையான காடஜோடிக்கும் இடையே அது அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ளது புவனேசுவரம். இந்நகரை ஒட்டிய உதயகிரிக் குன்றில், கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டு உள்ளது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்கல்வெட்டில், தமிழர் கூட்டணி ஒன்றைப் பற்றியும், பாண்டிய மன்னனிடமிருந்து பெற்ற முத்துகளைப் பற்றியும் குறிப்புகள் இருப்பதாக ஆய்வாளர்கள் படித்துள்ளனர்.

அருகிலுள்ள தௌலியில் அசோகரின் பாறைக் கல்வெட்டு உள்ளது. கலிங்கப் போரின் அழிவைக் கூறி அசோகர் வருந்தும் ஆணை, வேறு பல இடங்களில் பொறிக்கப்பட்டது. ஆனால் கலிங்கத்திலுள்ள தௌலியில் அது இல்லை. அதற்கு மாறாக, மக்களைப் பிள்ளைகளாகக் கருதி நடத்துமாறு அதிகாரிகளுக்குக் கூறும் ஆணை அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. போரில் உறவினரை இழந்த மக்களின் கண்முன் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இரண்டாம் நாள்: விசாகப்பட்டினம் வரை

புவனேசுவரத்திற்குத் தெற்கே, சாலையின் இடப்பக்கம் நீண்ட தொலைவுக்கு நீர்ப்பரப்பு ஒன்று விரியும். அது கடலன்று, சிலிகா ஏரி. மகாநதியின் கிளையாறுகள் கொணரும் நன்னீரும் கடலின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து பறவைகள் இலட்சக்கணக்கில் வந்து தங்குகின்றன. உலக அளவில் காக்கத்தக்க ஈரநிலமாக 1981இல் இது அறிவிக்கப்பட்டது.

சிலிகாவை அடுத்த கஞ்சம், பிரம்மபூர் பகுதிகள் 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் ஒடிசா தனி மாகாணமாயிற்று. ஒடியா மொழி பேசுவோரை ஒன்றிணைக்கும் நோக்குடன் அது அமைக்கப்பட்டது. இச்சாபுரத்தில் தொடங்கும் தெலுங்கு எழுத்துகளின் நிலமும், 1953இல் ஆந்திர மாநிலமாக அமைந்தது. ஆகவே பெயர்ப்பலகையில் எழுத்து மாறும் இடம், மக்கள் தம் மொழிக்காக நெடுங்காலம் போராடிப் பெற்ற எல்லையாகும்.

இக்கரையில் புயலுக்கான பாதுகாப்பு இல்லங்கள் பல உள்ளன. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே மற்றொரு கடும்புயல் கரையைக் கடந்தபோது, சுமார் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதனால் உயிரிழப்பு மிகவும் குறைந்தது. முன்னெச்சரிக்கையின் பயனை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

தமிழ் இலக்கியமும் இந்நிலத்தை அறியும். முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் படையெடுத்துச் சென்றதைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடினார். அதற்கு முன்பே, 1023ஆம் ஆண்டளவில், முதலாம் இராசேந்திர சோழனின் படை கலிங்கம் வழியாக வங்காளம் வரை சென்று கங்கை நீரைக் கொணர்ந்தது. நாம் குளிரூட்டிய வண்டியில் நான்கு நாளில் கடக்கும் நிலத்தை அவ்வீரர்கள் பல மாதங்கள் நடந்து கடந்தனர்.

விசாகப்பட்டினத்தில் மலை கடலைத் தொடுகிறது. இங்குதான் அலைகளை அருகிலிருந்து காணும் வாய்ப்புக் கிடைக்கும். மலையின் அரவணைப்பில் அமைந்த இதன் துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல், கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தப்பட்டுள்ளது.

மூன்றாம் நாள்: விஜயவாடா வரை

மூன்றாம் நாளின் சிறப்பு கோதாவரி. அதன் கரையிலுள்ள இராஜமகேந்திரவரம், கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனோடு தொடர்புடையது. அவன் இராசேந்திர சோழனின் மகளை மணந்தான். அவர்களின் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன்.

இந்நகருக்குத் தெற்கே தவளேசுவரத்தில் கோதாவரி கிளைகளாகப் பிரிகிறது. நெடுஞ்சாலை அதற்கும் கீழே கௌதமி, வசிட்டை என்னும் இரு கிளைகளை இரண்டு பாலங்களால் கடக்கிறது. தவளேசுவரத்தில் ஓர் அணை உண்டு. 1830களில் இப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. ஆற்றுநீர் வீணே கடலில் கலந்துகொண்டிருந்தது. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1847 முதல் 1852 வரை இங்கு அணை கட்டினார். அவர் அதற்கு முன் காவிரிப் பகுதியில் பணியாற்றியவர். ஆழமான மணலின் மேல் உறுதியான அணையை எழுப்புவது எவ்வாறு என்பதைக் கல்லணையைக் கண்டு அவர் கற்றுக்கொண்டார். காவிரியில் பழந்தமிழர் கண்ட நுட்பம் கோதாவரிக் கரையில் பஞ்சம் தீர்க்க உதவியது. இன்று சாலையின் இருபுறமும் நாம் காணும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் அந்நீரால் விளைந்தவை.

ஏலூரைத் தாண்டினால், மாலையில் விஜயவாடாவை அடையலாம். அங்கே கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே 1957இல் கட்டி முடிக்கப்பட்ட பிரகாசம் அணையைக் காணலாம்.

நான்காம் நாள்: சென்னை

மிளகாய்க்குப் பெயர்பெற்ற குண்டூரையும், மாட்டினத்திற்குப் பெயர்பெற்ற ஓங்கோலையும் கடந்து நெல்லூருக்குச் செல்கிறோம். ஓங்கோல் மாடுகள் பிரேசில் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பெருகின. அங்கே அவற்றின் வழிவந்த இனத்திற்கு நெல்லூரின் பெயரே வழங்குகிறது.

நெல்லூரில் பெண்ணை ஆற்றைக் கடந்தபின், நாயுடுப்பேட்டையில் ஒரு சாலை மேற்கே திருப்பதிக்குப் பிரிகிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடமலை அத்திசையில்தான் உள்ளது. சூலூர்ப்பேட்டையை நெருங்கும்போது பழவேற்காடு ஏரி வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே கூட்டங்கூட்டமாக நின்று இரை தேடும். ஏரிக்கு அப்பால் உள்ள தீவே விண்கலங்கள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா. ஆரம்பாக்கத்தில் தமிழ் எழுத்துகள் நம்மை வரவேற்கின்றன. கும்மிடிப்பூண்டியையும் செங்குன்றத்தையும் கடந்து சென்னையை அடைகிறோம்.

பயணத்திற்கு முன்

குழுவாகச் செல்வோர் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கோடை வெப்பத்தையும் புயல் மாதங்களையும் தவிர்த்து, டிசம்பர் இறுதி விடுமுறையில் செல்வது நன்று. விடியலில் புறப்பட்டு, இருட்டுமுன் தங்குமிடம் சேர வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓட்டுநருக்கு ஓய்வு தர வேண்டும். பின்னிருக்கையில் இருப்போரும் இருக்கைப்பட்டை அணிய வேண்டும். வண்டிகள் ஒன்றையொன்று துரத்திச் செல்லலாகாது. சந்திக்கும் இடத்தை முன்னரே முடிவு செய்துகொண்டால் அவசரம் இராது.

மாணவர்கள் செய்யத்தக்க பணியும் உண்டு. ஒரு குறிப்பேட்டில் கடக்கும் ஆறுகளின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் நன்றி கூறும் சொல்லைக் கேட்டறிந்து, தேநீர்க் கடையில் அதைச் சொல்லிப் பாருங்கள். கொல்கத்தாவில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் வங்கமும் பேசும் உங்களுக்கு அது எளிது. ஊர் எங்கே என்று எவரேனும் கேட்டால், தொடங்கிய ஊரையும் சேரும் ஊரையும் சேர்த்தே சொல்லுங்கள். அவ்விரண்டுக்கும் இடையே எத்தனை ஆறுகள் ஓடுகின்றன என்பதும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.

பயிற்சி

1. நெடுஞ்சாலை 16 கடலை ஒட்டிச் செல்லாததன் காரணங்களை எழுதுக.
2. கட்டாக், இராஜமகேந்திரவரம், விஜயவாடா ஆகிய நகரங்களின் அமைவிடத்தில் காணும் ஒற்றுமை யாது?
3. கல்லணைக்கும் தவளேசுவரம் அணைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
4. வங்கம், ஒடியா, தெலுங்கு, தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் உன் பெயரை எழுதி, வடிவ வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
5. உன் பெற்றோரின் சொந்த ஊருக்கு நீ செல்லும் வழியில் கடக்கும் ஆறுகளை நிலப்படத்தில் கண்டறிந்து பட்டியலிடுக.