‘அனுப்பு’ பொத்தானுக்குப் பின்னால்

ரத்ததானக் குழு ஒன்றின் இணையதளத்தில் பெயர், ரத்த வகை, கைபேசி எண் கேட்கும் படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்பினால் குழுவுக்கு மின்னஞ்சல் போகும். ஆனால் ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாக வேண்டும் என்று நள்ளிரவில் ஒருவர் கேட்டால், அந்த மின்னஞ்சலைக் காலையில்தான் யாராவது திறப்பார்கள். உடனே பொறுப்பாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டுமானால் நாமே நாலு வரி நிரல் எழுத வேண்டும்.

அதை எங்கே எழுதுவது? 2003-ல் வந்த இணையதள மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இதற்கு ‘ஹூக்’ என்ற வசதி உண்டு. காண்டாக்ட் ஃபார்ம் 7 போன்ற படிவச் செருகுநிரல், தகவலைச் சரிபார்த்து முடித்து, மின்னஞ்சல் அனுப்பும் முன் ஒரு கணம் நின்று, ‘இந்த இடத்தில் யாருக்காவது வேலை இருக்கிறதா?’ என்று பார்க்கிறது. நம் ஃபங்ஷனை முன்பே அங்கே பதிந்து வைத்திருந்தால் அது ஓடும். ரத்த வகையைப் பார்க்கும். ஓ நெகட்டிவ் என்றால் குறுஞ்செய்திச் சேவையை அழைக்கும். செருகுநிரலின் கோப்பையே திறந்து திருத்துகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துபோகும்.

படிவத்துக்குப் பின்னால் இப்படி நிரல் ஓடுவது புதிதல்ல. 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. மையம் சி.ஜி.ஐ. முறையை வகுத்ததிலிருந்தே, படிவத்தில் வரும் தகவலை சர்வரில் ஒரு நிரலிடம் ஒப்படைப்பது வழக்கம்.

பிரவுசரிலும் நிரல் ஓடும். கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் அங்கேயே சிவப்பில் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட், நிரப்புகிறவருக்குப் பெரிய உதவி. பாதுகாப்புக்கு மட்டும் அதை நம்பவே கூடாது. பிரவுசரைத் தொடாமலே சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்ப யாராலும் முடியும். எனவே சர்வரில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

சரிபார்க்கும்போது தமிழ்ப் பெயர்களில் கூடுதல் கவனம் தேவை. ‘அன்பழகன்’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து. யூனிகோடில் எழுத்தும் அதன் மேலுள்ள புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் எட்டுக் குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 24 பைட். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியின் சாதாரண நீள ஃபங்ஷன் பைட்டைத்தான் எண்ணும். ‘பெயர் 20-க்குள் இருக்க வேண்டும்’ என்று அதை வைத்து விதி எழுதினால், அன்பழகனின் பெயரே நீளம் என்று படிவம் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் ஃபங்ஷனும் பி.எச்.பி.யின் intl நீட்சியில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.