ஒரே எண், வேறு குணம்

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் ஒரு சிறு கருவி செய்தோம். பொத்தானை அழுத்தினால் எல்.ஈ.டி. விளக்கு அணையும், விட்டால் எரியும். “இது என்ன பெரிய வித்தை?” என்று கேட்காதீர்கள். விளக்கின் மின்னோட்டத்தை நிறுத்துவது பொத்தான் அன்று, புலவிளைவு டிரான்ஸிஸ்டர்!

அது எப்படி வேலை செய்கிறது? தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை மிதித்தால் நீர் குறையும். ஓங்கி மிதித்தால் நின்றேவிடும். இந்த டிரான்ஸிஸ்டருக்கு மூன்று முனைகள் உண்டு. மின்னோட்டம் செல்லும் வழியின் இரு முனைகள் மூலம், வடிகால் எனப்படும். மூன்றாவதான வாயில்தான் குழாயை மிதிக்கும் பாதம். நாங்கள் வாங்கியது ‘என்’ வகை. அதில் வாயிலும் மூலமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது மின்னோட்டம் தாராளமாகப் பாயும். மூலத்தைவிட வாயிலை எதிர் மின்னழுத்தத்திற்குக் கொண்டுசென்றால் வழி குறுகும். மின்னோட்டம் அற்றுப்போகும் அந்த அளவிற்கு வெட்டு மின்னழுத்தம் என்று பெயர். இவ்வகை டிரான்ஸிஸ்டரின் கொள்கையை 1952-ல் விளக்கி எழுதியவர் வில்லியம் ஷாக்லி.

எங்கள் டிரான்ஸிஸ்டரின் எண் 2என்5457. பொத்தானை அழுத்தினால் இரண்டு மின்கலங்களின் 3 வோல்ட் எதிர் அழுத்தம் வாயிலுக்குக் கிடைக்கும். அழுத்தாதபோது வாயில் ஒரு மின்தடை வழியாக மூலத்தோடு இணைந்திருக்கும். கருவி அழகாக வேலை செய்தது. கண்காட்சிக்கு முந்தைய நாள் டிரான்ஸிஸ்டரின் கால் ஒன்று ஒடிந்தது. அதே எண்ணுடைய மற்றொன்றைப் பற்றவைத்தோம். இப்போது பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையவில்லை; மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது!

“கடைக்காரர் போலிச் சரக்கைத் தந்துவிட்டார். போய் நன்றாகக் கேட்டுவிட்டு வருவோம்” என்று கிளம்பினோம். எங்கள் அறிவியல் ஆசிரியை, “விவரத் தாளைப் படித்தீர்களா, பிள்ளைகளே?” என்று கேட்டார்கள். நாங்கள் படிக்கவில்லை.

தாளில் வெட்டு மின்னழுத்தத்திற்கு எதிரே இரண்டு எண்கள் இருந்தன. குறைந்த அளவு -0.5 வோல்ட், கூடிய அளவு -6.0 வோல்ட். கணக்குப் பாடத்தின்படி -6 அல்லவா சிறிய எண்? இங்கே குறியைப் பாராமல் அளவை மட்டும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கு இடையே நாம் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதும் பொருளன்று. கைக்கு வரும் டிரான்ஸிஸ்டர் இவற்றுக்கு இடையே எங்கும் இருக்கலாம் என்பதே பொருள்!

ஏன் இவ்வளவு வேறுபாடு? வெட்டு மின்னழுத்தம் உள்வழியின் தடிமனுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத அந்த வழியைத் தயாரிக்கும்போது ஏற்படும் சிறு வேறுபாடும் இங்கே பெரிதாகிவிடுகிறது.

பக்கத்திலேயே சோதனை நிபந்தனையும் இருந்தது: வடிகாலுக்கும் மூலத்திற்கும் இடையே 15 வோல்ட், மின்னோட்டம் 10 நானோ ஆம்பியர். அதாவது மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைந்தால் ‘வெட்டப்பட்டது’ என்று கொள்கிறார்கள். முழுப் பூச்சியம் அன்று.

பிறகு ஆசிரியையின் உதவியுடன் நாங்களே அளந்தோம். 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையை வடிகாலுக்கும், எதிர்முனையை வாயிலுக்கும் இணைத்தோம். 10 மெகா ஓம் உள்தடையுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டரை மூலத்திற்கும் வாயிலுக்கும் இடையே வைத்தோம். மிகச் சிறிய மின்னோட்டமே மீட்டர் வழியாகச் செல்வதால், அது காட்டும் அளவு ஏறத்தாழ வெட்டு மின்னழுத்தமே. ஒடிந்த காலில் கம்பி வைத்து அளந்த பழைய டிரான்ஸிஸ்டர் 1.7 வோல்ட் காட்டியது, புதியது 4.1 வோல்ட்! 3 வோல்ட்டுக்கு முன்னது அடங்கியதும் பின்னது அடங்காததும் இப்போது விளங்கியது. இரண்டுமே தாளின் எல்லைக்குள் இருந்தன. கடைக்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லை!

இரண்டு மின்கலங்களை நீக்கி, வாயிலுக்கு வேறொரு 9 வோல்ட் பாட்டரியை இணைத்தோம். இதனால் வாயிலுக்கும் வடிகாலுக்கும் இடையே 18 வோல்ட் வரை வரக்கூடும். தாள் அனுமதிக்கும் உச்ச வரம்போ 25 வோல்ட், எனவே ஆபத்தில்லை. 6 வோல்ட் கேட்கும் டிரான்ஸிஸ்டர் வந்தாலும் எங்கள் கருவி இனி வேலை செய்யும். பொத்தானை அழுத்தினோம், விளக்கு முற்றிலும் அணைந்தது.

தோழியரே, நீங்களும் கருவி செய்யும்போது கையிலுள்ள ஒரு டிரான்ஸிஸ்டரை நம்பிச் செய்யாதீர்கள். தாளிலுள்ள இரு எல்லைகளையும் பார்த்துச் செய்யுங்கள். படிக்காத ஒரு தாளுக்காக, குற்றமற்ற ஒருவரிடம் நாங்கள் சண்டைக்குப் போக இருந்தோம். நல்ல வேளையாக, எங்கள் ஆசிரியை அன்று வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள்!