“லேட்டாத்தான் நடப்பான்” என்று காத்திருக்கலாமா? – குழந்தைகளின் மூளை முடக்குவாதம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை: “இவன் வாப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம், அதனால விட்டுட்டோம்.” ஆறு மாதத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய குறை, இரண்டு மூன்று வயதான பிறகே மருத்துவரிடம் போகிறது. அதனால்தான் இந்த மாதம் மூளை முடக்குவாதம் பற்றி எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில மாதங்களிலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால், உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் திறன் குறைவதே மூளை முடக்குவாதம். 1000 குழந்தைகளில் சுமார் 2 பேருக்கு இது இருக்கிறது. இது தொற்றுநோய் அல்ல. உம்மா செய்த தவறும் அல்ல. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளாக நாளாகக் கூடுவதில்லை. ஆனால் பயிற்சி இல்லாமல் விட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் கோணி, இடுப்பு எலும்பு விலகும் நிலை வரலாம்.

37 வாரத்திற்கு முன் பிறந்தவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள், பிறந்தவுடன் அழாதவர்கள், கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வலிப்போ வந்தவர்கள் ஆகியோரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுகப்பிரசவத்தில் நல்ல எடையோடு பிறந்த பிள்ளைக்கும் இது வரலாம்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

• 4 மாதமாகியும் தலை நிற்கவில்லை.
• 4 மாதத்திற்குப் பிறகும் கை விரல்களை எப்போதும் இறுக மூடியே வைத்திருக்கிறது.
• துணி மாற்றும்போது கால்கள் விறைத்து, கத்தரிக்கோல் போல் பின்னுகின்றன. அல்லது தூக்கினால் துணிபோல் துவண்டு விழுகிறது.
• பால் உறிஞ்ச முடியவில்லை, அடிக்கடி புரையேறுகிறது.
• 9 மாதமாகியும் பிடிமானமின்றி உட்காரவில்லை.
• ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, அல்லது ஒரு பக்கத்தை இழுத்துத் தவழ்கிறது.

கடைசி அறிகுறியைப் பல வீடுகளில் “பிள்ளை இடதுகைக்காரன்” என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். ஒரு வயதுக்குள் குழந்தைகள் பொதுவாக இடதுகை, வலதுகை என்று தெளிவாகப் பிரித்துப் பழகுவதில்லை. மற்றொரு கை சரியாக வேலை செய்யவில்லை என்பதை அது காட்டலாம்.

குறைமாதக் குழந்தைக்கு வயதைப் பிரசவத் தேதியாக மருத்துவர் குறித்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருப்பதாலேயே இந்நோய் என்று முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்க வேண்டாம்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

இதை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. பிரசவ விவரங்களைக் கேட்டு, தசை இறுக்கத்தையும் அசைவையும் மருத்துவர் பார்ப்பார். 3 முதல் 5 மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் இயல்பான அசைவுகளை வீடியோ எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தால் மட்டும் இந்நோய் இல்லை என்று ஆகிவிடாது. கண், காது பரிசோதனையும் அவசியம். இவற்றைக் கொண்டு 6 மாத வயதுக்கு முன்பே இந்நோயைக் கண்டறிய முடியும். “உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம்” என்று மருத்துவர் சொன்னாலும் பயிற்சியை அன்றே தொடங்குங்கள். பிள்ளையின் மூளை வேகமாக வளர்ந்து, புதியவற்றைப் பழகிக்கொள்ளும் காலம் அது.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மூளை முடக்குவாதம் போலவே தோன்றும் சில பரம்பரை நோய்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குத் தனி மருந்தும் உணவு முறையும் இருக்கின்றன. அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்புண்டா என்பதும் அப்போதுதான் தெரியும். முன்பு செய்துவந்ததைப் பிள்ளை மறந்துகொண்டே வந்தால் உடனே காட்டுங்கள். அது மூளை முடக்குவாதத்தின் குணம் அல்ல.

எங்கே போவது?

தடுப்பூசிக்குப் போகும்போதே உங்கள் சந்தேகத்தைக் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்திற்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதனையும் இயன்முறைப் பயிற்சியும் அங்கே இலவசம். பிரசவ டிஸ்சார்ஜ் அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நோய் உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை சிகிச்சைச் செலவு பெற வழியுண்டு.

ஓதிப் பார்ப்பதையும் துஆ கேட்பதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றோடு மருத்துவத்தையும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறோம். இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. “குணமாக்கித் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஆனால் சீக்கிரம் பயிற்சி தொடங்கிய பிள்ளைகளில் பலர் நடக்கிறார்கள், மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். இப்பிள்ளைகளில் சுமார் பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் குறை எதுவும் கிடையாது. பேச்சு திக்குவதாலேயே அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால் இந்த இதழை அவர்களிடம் கொடுங்கள். நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.