ஸ்பிட்ஃபயருக்கு மிதவை மாட்டினால் மிதக்குமா? கற்பனைக் கடல் விமான மாடல்களும் நிஜக் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, திண்ணையில் ஒரு எவர்சில்வர் வாளி இருந்தது. வாளி நிறைய தண்ணீர். அடியில் ஒரு போர் விமானம் மூழ்கிக் கிடந்தது.

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனின் வேலை அது. பிளாஸ்டிக் கிட் ஒன்றை ஒட்டி ஸ்பிட்ஃபயர் செய்திருக்கிறான். சக்கரங்களை விட்டுவிட்டு, இரண்டு பழைய பேனாக் குழாய்களின் முனைகளை எம்-சீல் வைத்து அடைத்து, மிதவைகளாக மாட்டியிருக்கிறான்.

"சித்தி, நிஜ ஸ்பிட்ஃபயருக்கும் இப்படி மிதவை மாட்டுனாங்களாம். அது மிதந்துச்சு. இது மட்டும் ஏன் முங்குது?"

நல்ல கேள்வி. பதில் தேடப்போன இடத்தில் இரண்டாம் உலகப் போர், ஆர்க்கிமிடீஸ், சென்னையின் புழல் ஏரி எல்லாம் வந்துவிட்டன.

'வாட் இஃப்' மாடல் என்றால் என்ன?

உலகம் முழுக்க மாடல் செய்பவர்களிடம் ஒரு தனிக் கிளை உண்டு. வரலாற்றில் இல்லாத விமானத்தை, 'இருந்திருந்தால் எப்படி இருக்கும்?' என்று யோசித்துச் செய்வது. ஆங்கிலத்தில் 'வாட் இஃப்' என்பார்கள். அதில் பலருக்கும் பிடித்த விளையாட்டு, தரையில் இறங்கும் போர் விமானத்தைத் தண்ணீரில் இறங்க வைப்பது. மரத்தால் ஆன பிரிட்டிஷ் மொஸ்கிட்டோவுக்கு இரட்டை மிதவை, அமெரிக்க மஸ்டாங்குக்கு ஒற்றை மிதவை என்று கற்பனை போய்க்கொண்டே இருக்கும். ஒரு கிட்டின் உடலையும் இன்னொரு கிட்டின் மிதவையையும் சேர்த்து ஒட்டுவார்கள். கிடைக்காத பாகத்தைப் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து தாங்களே வெட்டிக்கொள்வார்கள்.

பொதுவான அளவு 1/72. ஏன் இந்த விநோத எண்? ஆறு அடிக்கு 72 அங்குலம். அதாவது ஆறடி மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம். 11.23 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட ஸ்பிட்ஃபயர் 15.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

இதெல்லாம் வெறும் கற்பனையா?

பாதிதான். பிரிட்டன் உண்மையிலேயே ஸ்பிட்ஃபயருக்கு மிதவை மாட்டியது. 1940-ல் நார்வேயில் போர் நடந்தபோது விமானம் இறங்க ஓடுதளம் போதவில்லை. கடற்கரைதான் நீளமாக இருந்தது. பிளாக்பர்ன் ராக் என்ற விமானத்துக்குச் செய்த மிதவைகளை எடுத்து ஒரு ஸ்பிட்ஃபயரில் பொருத்திப் பார்த்தார்கள். அதற்குள் நார்வே கைவிட்டுப் போனது. திட்டமும் நின்றது.

அடுத்த முயற்சி இன்னும் ஒழுங்கானது. ஸ்பிட்ஃபயர் மார்க் 5-க்கென்றே புது மிதவைகளை ஆர்தர் ஷிர்வால் வடிவமைத்தார். 1931-ல் ஷ்னைடர் கோப்பையை வென்ற எஸ்.6பி பந்தயக் கடல் விமானத்தின் மிதவைகளும் அவர் கைவண்ணம்தான். 1942 அக்டோபர் 12 அன்று ஜெஃப்ரி குவில் அதை ஓட்டினார். மூன்று விமானங்கள் இப்படி மாற்றப்பட்டு 1943-ல் எகிப்துக்குப் போயின. ஏஜியன் கடல் தீவுகளில் மறைந்திருந்து ஜெர்மன் சரக்கு விமானங்களைத் தாக்குவது திட்டம். அதற்குள் கோஸ், லெரோஸ் தீவுகளை ஜெர்மனி பிடித்துவிட்டது. மூன்றும் போருக்குப் போகாமலேயே நின்றன.

அமெரிக்காவின் வைல்ட்கேட் விமானத்தின் கதையும் அதேதான். மிதவை வைத்த வைல்ட்கேட் 1943 பிப்ரவரி 28-ல் முதலில் பறந்தது. ஆனால் பசிபிக் தீவுகளில் அமெரிக்கர்கள் மளமளவென ஓடுதளம் போட்டுவிட்டதால் அதற்கு வேலையே வரவில்லை.

வேலை செய்தது ஜப்பானில். புகழ்பெற்ற ஜீரோ விமானத்துக்கு நடுவில் ஒரு பெரிய மிதவை வைத்து 327 விமானங்கள் கட்டி, போரிலும் இறக்கினார்கள். இன்னொரு வேடிக்கையும் அங்கே நடந்தது. கவனிஷி நிறுவனம் முதலில் கியோஃபு என்ற மிதவை விமானத்தைத்தான் செய்தது. பிறகு மிதவையைக் கழற்றிவிட்டுச் சக்கரம் மாட்டி, ஷிடென் என்ற தரை விமானமாக்கியது. மிதவையோடு கட்டியவை 97. சக்கரத்தோடு கட்டியவை 1,400-க்கும் மேல்.

சரி, வாளியில் ஏன் மூழ்கியது?

இங்கேதான் கணக்கு. மிதவை வைத்த ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 3,400 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72 மடங்கு குறைவதால், கன அளவு 72 × 72 × 72, அதாவது 3,73,248 மடங்கு குறையும். 3,400 கிலோவை இதால் வகுத்தால் வருவது வெறும் 9 கிராம்.

அதாவது, நிஜ விமானம் எந்த ஆழத்தில் மிதந்ததோ அதே ஆழத்தில் மாடலும் மிதக்க வேண்டுமென்றால், அதன் எடை 9 கிராம்தான் இருக்கலாம். அக்காவின் சமையலறைத் தராசில் வைத்தோம். 22 கிராம். இரண்டு பேனாக் குழாய்களும் முழுக்க முங்கினாலும் தள்ளும் தண்ணீர் 10 கிராம். அவ்வளவுதான். மூழ்காமல் என்ன செய்யும்?

மிதவைகளை நிஜ அளவிலேயே செய்திருந்தால்? அமெரிக்காவின் சிறு விமான விதிகளில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. விமானத்தின் முழு எடையைத் தாங்கத் தேவையானதைவிட 80 சதவீதம் கூடுதல் மிதப்பு வேண்டும், அதுவும் நன்னீரில். (உப்புத் தண்ணீர் அடர்த்தி கூடியது, கொஞ்சம் அதிகமாகத் தூக்கும்.) ஒவ்வொரு மிதவையும் உள்ளே தண்ணீர் புகாத நான்கு அறைகளாகவாவது பிரிந்திருக்க வேண்டும். ஒரு மிதவையில் எந்த இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்தாலும் விமானம் கவிழக் கூடாது. அந்தக் கணக்கை நம் மாடலுக்குப் போட்டால் 16 கிராம் வரைதான் தாங்கும். 22 கிராம் அப்போதும் முங்கும்.

"அப்ப அளவு சரியா செஞ்சாலும் முங்கும். மிதக்க வெச்சா அளவு தப்பு" என்றான் பையன். சரியாகப் பிடித்துவிட்டான். அலமாரியில் வைக்கும் மாடலும் தண்ணீரில் விடும் மாடலும் வேறு வேறு.

மிதவை மாட்டினால் வேறென்ன மாறும்?

நல்ல கற்பனை மாடலையும் சும்மா ஒட்டிய மாடலையும் பிரித்துக் காட்டுவது இந்த விவரங்கள்தான்.

முதலாவது, மிதவையின் அடிப்பக்கம் வழவழவென்று ஒரே கோடாகப் போகாது. நடுவில் ஒரு படி இருக்கும். வேகமெடுக்கும்போது தண்ணீர் அடிப்பாகத்தோடு ஒட்டி இழுக்கும். அந்தப் பிடியை விடுவிப்பது இந்தப் படிதான். அது விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். ரொம்பத் தள்ளிப்போனால் மூக்கு தண்ணீரில் குத்தும்.

இரண்டாவது, வால். மிதவைகள் மூக்குக்கு முன்வரை நீள்வதால் பக்கவாட்டில் காற்று படும் பரப்பு முன்னால் கூடிவிடும். விமானம் நேராகப் போகாமல் திரும்பப் பார்க்கும். ஸ்பிட்ஃபயரில் இதைச் சரிசெய்ய வாலுக்கு அடியில் கூடுதல் துடுப்பு வைத்தார்கள்.

மூன்றாவது, தெறிக்கும் தண்ணீர். அது புரொப்பெல்லர் மீதோ, எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்குள்ளோ போகக் கூடாது. சக்கரம் மடங்கும் குழிகளையும் மூட வேண்டும்.

இவ்வளவுக்கும் விலை உண்டு. மிதவை எடைதான், காற்றுத் தடையும்தான். மிதவை ஸ்பிட்ஃபயர் மணிக்கு 324 மைல் வரை போனது. அந்த வகை விமானத்துக்கு மரியாதையான வேகம். ஆனாலும் சக்கரம் வைத்த தம்பியைப் பிடிக்க முடியாது.

எங்க ஊர் குடைவரைக் கோவிலுக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. குதிரைகள் இழுக்கும் தேர் போலக் கல்லிலேயே செய்தது. கல் தேர் ஓடாது என்று செதுக்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் தேர் எப்படி இருக்கும் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் உளி எடுத்திருக்கிறார்கள். கற்பனை மாடலுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

தமிழ்நாட்டில் போர்க்காலக் கடல் விமானம் இறங்கியதா?

இறங்கியது. ஆனால் ஸ்பிட்ஃபயர் அல்ல, கேட்டலினா. இது மிதவை மாட்டிய விமானம் இல்லை. உடலே படகு வடிவில் இருக்கும் 'பறக்கும் படகு'. இறக்கை அகலம் சுமார் 32 மீட்டர். 20 மணி நேரம்கூட வானில் இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் 1942 முதல் 1945 வரை சென்னையின் செங்குன்றம் ஏரியில், அதாவது இன்று நகரத்துக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியில், இந்த விமானங்களை வைத்திருந்தது. வங்கக் கடலில் ரோந்து போவதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அவற்றின் வேலை.

இது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு இலங்கையின் கொக்கலைதான் சாட்சி. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. ஓட்டியவர் கனடாவின் லெனர்ட் பர்ச்சல். தகவலை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். குழுவில் சிலர் இறந்தார்கள். பர்ச்சல் உட்பட மற்றவர்கள் கைதிகளானார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் அந்தத் தகவலால் துறைமுகம் எச்சரிக்கையாக இருந்தது.

மாடலில் என்ன எழுத வேண்டும்?

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தது இதுதான். பையன் தன் விமானத்தைக் கண்மாய்க் கரையில் வைத்து, தண்ணீர் பின்னணியில் கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்தான். அருமையாக வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இரண்டே நாளில் அது இன்னொரு குழு வழியாக எனக்கே திரும்பி வந்தது, '1942-ல் புழல் ஏரியில் இறங்கிய ஸ்பிட்ஃபயர், அரிய படம்' என்ற குறிப்போடு. அனுப்பியவர் ஒரு பெரியப்பா. கேட்டதற்கு, "பாக்க நிஜமாட்டம் இருந்துச்சேம்மா" என்றார்.

கற்பனை மாடல் தப்பில்லை. பெயர்ப்பலகை இல்லாமல் அது ஊர் சுற்றுவதுதான் சிக்கல். புழலில் கேட்டலினா இருந்தது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நடக்காத கதை ஒன்று போய் உட்கார்ந்துவிட்டால், நடந்தது இன்னும் பின்னால் போய்விடும். ஏஐ படங்கள் நிமிடத்துக்கு ஒன்று வரும் காலத்தில் இது இன்னும் சுலபம்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பார்த்தேன். ஸ்பிட்ஃபயர் ஒரு மரப்பலகையில் ஏறி டிவி பக்கத்தில் நின்றது. பேனாக் குழாய் போய், பிளாஸ்டிக் தகட்டில் செய்த மிதவை வந்திருந்தது. அடியில் படியும் இருந்தது. பலகையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தான்: 'ஸ்பிட்ஃபயர், புழல் ஏரி, 1942. கற்பனை. அங்கே நிஜமா இருந்தது கேட்டலினா.'

"அடுத்து கேட்டலினா கிட் வாங்கித் தருவீங்களா சித்தி?" என்றான். 1/72 அளவில் இறக்கையே 44 சென்டிமீட்டர் வரும். வாளி பத்தாது.