ஒரே உரம், இரண்டு மண்

பெங்களூரில் இருந்த நாளில் வீட்டு முன்புறம் அழகான புல்தரை வளர்த்தேன். ஓய்வு பெற்று மகனோடு தில்லிக்கு வந்ததும் காலனிப் பூங்கா என் தலையில் விழுந்தது. "உங்களுக்குத்தான் பழக்கம் உண்டே, மாமா!" என்றார் பக்கத்து வீட்டு இளைஞர். அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

பெங்களூரில் நான் போட்டது ராக் பாஸ்பேட். இங்கும் அதையே இரண்டு மூட்டை வாங்கித் தூவினேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. புதிதாக நட்ட அருகு வேர் பிடிக்கவில்லை. இலை மங்கி, ஓரத்தில் ஊதா நிறம் தட்டியது. காலனிக் கூட்டத்தில் செலவுக் கணக்குக் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. மண்ணைப் பரிசோதித்த பிறகே விஷயம் விளங்கிற்று.

புல்லின் வேர் வளர மணிச்சத்து வேண்டும். ஆனால் போட்டதெல்லாம் வேருக்குப் போவதில்லை. பெங்களூர்ச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப்போடும். எங்கள் பூங்காவின் வண்டல் மண்ணோ காரத்தன்மை உடையது, பி.எச். 8-ஐத் தாண்டிவிட்டது. இங்கே கட்டிப்போடுவது சுண்ணாம்பு. பி.எச். 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட மண்ணில்தான் வேருக்கு அதிகம் கிடைக்கும். ராக் பாஸ்பேட் கரைய மண்ணில் புளிப்பு வேண்டும். செம்மண்ணில் மெல்லக் கரைந்தது, இங்கே கல்லாகவே கிடந்தது!

அந்தக் கல்லையே கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தினால் சூப்பர் பாஸ்பேட். (1906-லேயே நம் ராணிப்பேட்டையில் இதற்குத் தொழிற்சாலை வந்துவிட்டது.) 50 கிலோ மூட்டையில் சுமார் 8 கிலோ மணிச்சத்து. முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதில் கால் பங்குக்கும் குறைவு. மீதியை மண் பிடித்துக்கொள்ளும்.

புனே, நாக்பூர் பக்கம் கரிசலில் புல் போடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே சுண்ணாம்புத் தொல்லைதான். கடலோர மணலில் நேர்மாறு: பிடித்துவைக்க ஒன்றும் இல்லை, மழையோடு போய்விடும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே நல்லது.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். மேலாகத் தூவிய மணிச்சத்து இந்த மண்ணில் எளிதில் கீழே இறங்காது. அதனால் இந்த ஜூனில் பாதி இடத்தைக் கொத்தி, மட்கிய சாண எருவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, பிறகுதான் அருகு நட்டோம். எரு கலந்தால் மண்ணின் பிடி சற்றுத் தளரும். மாலிக்கு நம்பிக்கையே இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு அருகு பறிக்க மாமிகள் வந்தார்கள். அந்தப் பாதியைச் சுற்றி மட்டும் நான் கயிறு கட்டிவைத்திருந்தேன்.